பாதத்தில் தெறித்த பொறி

மலையில், தைலமரக் காட்டுக்குள் ஒரு குடில் இருந்தது. மயிலாத்தாள் என்கிற பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுதான் இருக்கும். தன் குரு காலமான பிறகு அங்கேயே தங்கிவிட்டவர். நான் குரு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வந்தவர்கள் ஏதாவது கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். அப்படியே எல்லாருக்கும் அம்மா ஆகிவிட்டார்.

அவரைவிட வயதில் மூத்த சீடர் ஒருவர் அங்கே இருந்தார். பெயர் திருமூர்த்தி. உடுமலைப் பக்கத்துக்காரர், பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு மழைநாளில், மலைப்பாதை வளைவில், எதிரே மொபெட்டில் வந்தவர் சறுக்கி இவருடைய பஸ் சக்கரத்துக்குள் விழுந்துவிட்டார். டிரைவர் மேல் தப்பில்லை என்று கோர்ட்டில் சொன்னார்கள். செத்தவரின் வீட்டாரே வந்து, உங்க மேல வருத்தம் இல்லை என்றும் சொன்னார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அவருக்குக் கை நடுங்கியது. வேலையை விட்டார். குடிலுக்கு வந்து விறகு பிளந்தார், தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார்.

அவர் மயிலாத்தாளிடம் கேட்டது ஒன்றுதான். என் தலையில் ஒருமுறை கையை வையுங்கம்மா, இந்த நடுக்கம் போகட்டும் என்பார்.

"என் கையில என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியலீங்கண்ணா. தெரிஞ்சா வைக்கிறேன்" என்பார் மயிலாத்தாள்.

அவரும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷம் தை மாதத்தில் உறைபனி கடுமையாக இறங்கியது. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். காற்றில் மட்டும் ஈரமே கிடையாது. உதடு வெடித்தது, குதிகால் வெடித்தது. கூடத்தின் கல்தரையில் உட்கார முடியவில்லை என்று வருகிறவர்கள் சொன்னார்கள். திருப்பூரிலிருந்து வந்த அன்பர் ஒருவர் பெரிய சிவப்பு நைலான் கம்பளம் கொண்டுவந்து, வாசலிலிருந்து மயிலாத்தாள் உட்காரும் இடம் வரைக்கும் விரித்துவிட்டுப் போனார். மயிலாத்தாள் வழக்கம்போலச் சமையல்கட்டு வழியாக வெறுங்காலோடு வந்து மணைமேல் உட்கார்ந்தார். அவருடைய பாதம் கம்பளத்துக்கு வெளியே, கல்லில்தான் இருந்தது.

மறுநாள் காலையில் திருமூர்த்தி அந்தக் கம்பளத்தின்மேல் நடந்து வந்தார். குளிருக்காகக் காலில் சாக்ஸ், தோளில் போர்வை. குனிந்து அம்மாவின் கால்விரலைத் தொட்டார்.

சடக்கென்று சத்தம் கேட்டது. விரல்நுனியில் ஊசி இறங்கியதுபோல இருந்தது. அந்தச் சுருக்கு முழங்கை வரைக்கும் ஓடியது.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அழத் தொடங்கினார்.

"என்னங்கண்ணா?"

"வந்துடுச்சுங்கம்மா."

"என்ன வந்துச்சு?"

திருமூர்த்தி கையை விரித்துக் காட்டினார்.

குடிலில் ஒரு பழைய ஜீப் நின்றது. கீழே ஊரிலிருந்து மெக்கானிக் ஒருவர் அவ்வப்போது வந்து ஓட்டிவைப்பார், மற்றபடி அதைத் தொட ஆள் இல்லை. அன்று மதியம் திருமூர்த்தி ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பி, வளைவுகளில் இறங்கி, ஊருக்குப் போய், அரிசி மூட்டையும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு பொழுதோடு திரும்பினார். கை நடுங்கவே இல்லை.

சமையல் செய்யும் ரங்கம்மாவிடம் அதைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. ரங்கம்மா பால்காரரிடம் சொன்னாள். பால்காரர் ஊரெல்லாம் சொன்னார்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கம்பளத்தில் வரிசையாக நடந்து வந்து காலைத் தொட்டார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சடக்கென்றது. சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். சிலர் உடம்பெல்லாம் சிலிர்த்தது என்றார்கள். யாரோ செல்போனில் படம் பிடித்து அனுப்ப, வண்டி வைத்துக்கொண்டு வந்தார்கள்.

"எனக்கும்தான் சுருக்குங்குது" என்று மயிலாத்தாள் எல்லாரிடமும் சொன்னார். அடக்கத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அவர் அதை யோசித்துக்கொண்டே இருந்தார். எதையும் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்கிற சுபாவம் இல்லை அவருக்கு. சமையல்கட்டுப் பூனை ஒன்று உண்டு. யார் மடியிலும் ஏறி உட்காரும். அது இப்போது கூடத்திலிருந்து வருகிறவர்களைக் கண்டால் மூக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஓடியது. பூனைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கத் தொடங்கினார். பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சமையல்கட்டு வழியாக வெறுங்காலோடு வந்து தொட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாக்ஸ் போட்டுக்கொண்டு காலைத் தேய்த்து நடந்தவர்களுக்குப் பலமாக அடித்தது. ஒருநாள் மேகம் இறங்கி எல்லாம் நனைந்து கிடந்தது. அன்றைக்கு வந்தவர்களில் ஒருவருக்குக்கூட அடிக்கவில்லை. நம்ம பாவம் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் சோர்ந்து போனார்கள்.

அந்தச் சோர்ந்த முகங்கள் அவரைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் வெயில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திருமூர்த்தியைக் கூப்பிட்டுக்கொண்டு சன்னலில்லாத சாமான் அறைக்குள் போனார். கதவைச் சாத்தச் சொன்னார். உள்ளே கும்மிருட்டு.

"அந்தப் போர்வையை உதறுங்கண்ணா."

உதறினார். படபடவென்று சத்தம். போர்வையின் மடிப்புகளில் நீலநீலமாகப் பொறிகள் ஓடி மறைந்தன.

மயிலாத்தாள் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். "மின்மினியாட்டம் இருக்குது. இன்னொருக்கா உதறுங்க."

திருமூர்த்தி உதறினார். ஆனால் சிரிக்கவில்லை.

"இதை ஏனுங்கம்மா பார்க்கறீங்க?"

"என்னன்னு தெரியலையே, அதனாலதான்."

"தெரிஞ்சுதான் ஆகணுங்களா?"

மயிலாத்தாள் போர்வையை வாங்கி மடித்தார். "தெரியாமயே இத்தனை பேரைக் காலைத் தொட விட்டுட்டேனுங்களே" என்றார்.

இருவரும் கூடத்துக்குப் போனார்கள். அன்று மதியம் வேறு யாரும் இல்லை. அவர் மணைமேல் உட்கார்ந்துகொண்டு, திருமூர்த்தியைக் கம்பளத்தில் நடந்து வந்து தொடச் சொன்னார். அடித்தது. சாக்ஸைக் கழற்றிவிட்டுக் கல்தரை வழியாக வந்து தொடச் சொன்னார். அடிக்கவில்லை. கம்பளத்தில் நடந்துவிட்டு, சாமான் அறைச் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்து, அதன் நுனியால் தொடச் சொன்னார். சாவி நுனிக்கும் கால்விரலுக்கும் நடுவில் பொறி பறந்தது. பிடித்திருந்த கைக்கு வலியே இல்லை. எனக்கு மட்டும் வலித்தது என்று சொல்லி மயிலாத்தாள் காலைத் தேய்த்துக்கொண்டார்.

கடைசியாக, நடந்து வந்து முதலில் சன்னல் கம்பியைத் தொடச் சொன்னார்.

திருமூர்த்தி தொட்டார். சடக்கென்றது. அதே ஊசி, முழங்கை வரைக்கும் அதே ஓட்டம். பிறகு அம்மாவின் காலைத் தொட்டார். கால் காலாக இருந்தது.

அவர் சன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கம்பளந்தானுங்களா?"

"அப்படித்தானுங்கண்ணா தெரியுது. நடக்க நடக்க உடம்புல ஏறுது. எதையாவது தொட்டா இறங்கிப் போயிடுது."

"அப்ப எனக்கு வந்தது..."

ஜீப் சாவி அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. அதை எடுத்து ஆணியில் மாட்டினார். மாட்டும்போது சாவி ஆணியில் விழாமல் இரண்டு தடவை சுவரில் தட்டியது. மயிலாத்தாள் அதைப் பார்த்தார். திருமூர்த்தி விறகுக் கொட்டகைக்குப் போய் வெறுமனே உட்கார்ந்துகொண்டார்.

வருகிறவர்களிடம் நாளைக் காலையிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று மயிலாத்தாள் ரங்கம்மாவிடம் சொன்னார். ஆனால் நாளைவரை காத்திருக்க நேரம் இல்லாமல் போயிற்று.

அன்று சாயங்காலம் துளசிமணி என்கிற பெண் தன் தாயோடு வந்தாள். திருப்பூரில் தையல் வேலை பார்க்கிறவள். முன்பு ஒருமுறை வந்து காலைத் தொட்டு, அந்தச் சுருக்கை வாங்கி, சந்தோஷமாகத் திரும்பிப் போனவள். இப்போது நன்றி சொல்லப் பழத்தட்டோடு வந்திருந்தாள். முற்றத்தில் செருப்பைக் கழற்றும்போது தட்டு கையிலிருந்து நழுவியது. அவளும் விழுந்தாள். உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது.

இரும்பு எடுத்து வாங்க, கையில குடுங்க என்று சாயங்காலப் பாலோடு வந்திருந்த பால்காரர் கத்தினார். மயிலாத்தாள் ஓடிவந்து, அதெல்லாம் வேண்டாம் என்று தடுத்து, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணியைச் சுருட்டி வைத்தார். வலிப்பு நிற்கும் என்று பார்த்தார்கள். நிற்கவில்லை. கொஞ்சம் ஓய்ந்தது, அவள் கண் திறப்பதற்குள் மறுபடி இழுத்தது. ரங்கம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வண்டி மலைக்கு அந்தப்பக்கம் போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். பால்காரருக்கு மொபெட் ஓட்டத்தான் தெரியும்.

மயிலாத்தாள் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு விறகுக் கொட்டகைக்கு வந்தார்.

"அண்ணா, வண்டி எடுக்கணும்."

"என்னால முடியாதுங்கம்மா. அன்னிக்கு ஓட்டுனது நானில்லீங்க."

"இன்னிக்கு ஓட்டுங்க."

"இன்னிக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லீங்களே." கையை நீட்டிக் காட்டினார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. "பாருங்க. வெறுங்கை."

"வெறுங்கை போதும். ஏறுங்க."

அவர் ஏறினார். துளசிமணியைப் பின்னால் கிடத்தினார்கள். தாய் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மயிலாத்தாள் முன்னால் உட்கார்ந்தார். திருமூர்த்தியின் கை நடுங்கியபடியே கியரைப் போட்டது. முதல் வளைவில் வண்டியை ஏறக்குறைய நிறுத்தியேவிட்டார். வியர்த்து வழிந்தது. மயிலாத்தாள் திரும்பிப் பார்க்கவும் இல்லை, தைரியம் சொல்லவும் இல்லை. எதிரே லாரி வருகிறது, ஓரத்தில் மண் சரிந்திருக்கிறது என்று பாதையில் கண்டதை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு திருமூர்த்தி வண்டியைத் திருப்பினார். பின்னால் அந்தத் தாய் மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் பிரேக்கை மிதித்த பிறகும் அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுக்க வரவில்லை. ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஊசி போட்டதும் வலிப்பு நின்றது. இன்னும் தாமதமாகியிருந்தால் சிரமம் என்றார் டாக்டர். மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நிறுத்தவே இல்லை என்று தாய் சாதித்தாள்.

துளசிமணி கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் மயிலாத்தாள்தான் இருந்தார்.

"எங்கம்மாவுக்குத் தெரியாதுங்க" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "உங்க காலைத் தொட்டு ஷாக் அடிச்ச அன்னிக்கே நிறுத்திட்டேன். இனியும் மாத்திரை போட்டா உங்களை நம்பாத மாதிரி ஆயிடுமேன்னு."

"அது கம்பளத்தோட ஷாக்கு கண்ணு. இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சேன்."

துளசிமணி அவரையே பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"அப்ப எனக்குச் சரியாகலையா?"

"ஆகலை. மாத்திரை போட்டா அடங்கி இருக்கும். போட்டுக்கிட்டே இரு. என் காலைத் தொட்டு இப்படி ஆயிடுச்சு உனக்கு. மன்னிச்சுக்கோ."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மயிலாத்தாள் எழுந்து போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவள் கையை நீட்டித் தண்ணீர் கேட்டாள். நர்ஸ் கொடுத்த மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு குடித்தாள்.

மறுநாள் காலையில் குடிலுக்கு வந்தவர்கள் கூடத்தில் கம்பளத்தைக் காணவில்லை. அதைச் சுருட்டிச் சுவர் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். மயிலாத்தாள் எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததை நடந்தபடியே சொன்னார். நம்பாதவர்களுக்காகக் கம்பளத்தில் நாலைந்து முழத்தை விரித்து, ஒருவரைக் காலைத் தேய்த்து நடக்கவிட்டுச் சன்னல் கம்பியைத் தொடச் சொன்னார். அவர் கையை உதறிக்கொண்டு குதித்தபோது கூட்டம் சிரித்தது. யாராவது மாத்திரை மருந்தை நிறுத்தியிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கேட்டார். ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். சர்க்கரை மாத்திரை என்றார். அவரை அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினார்.

அதற்குப் பிறகு பேச்சு வீட்டுக் கதையாகிவிட்டது. எங்க வீட்டுல பிரிட்ஜ் கதவைத் தொட்டா அடிக்குதே என்றாள் ஒருத்தி. பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது அடிக்கிறது, பேய் என்று நினைத்தேன் என்றாள் இன்னொருத்தி. என் பேரன் என்னைக் கட்டிப்பிடிக்கவே பயப்படுகிறான் என்றார் ஒருவர். மயிலாத்தாளுக்கு இதையெல்லாம் கேட்பதில் அலுப்பே இல்லை. என்ன சேலை கட்டியிருந்தாய், தரை என்ன தரை, அன்று மழை உண்டா என்று ஒவ்வொருவரையும் துருவித் துருவிக் கேட்டார். பனிக்காலத்தில் பருத்தி உடுத்துங்கள், ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிடுங்கள், அறையில் ஒரு ஈரத்துண்டைத் தொங்கவிடுங்கள் என்றார். பேரனைக் கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் சாவியால் ஒரு சன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுப் போங்கள், உங்களிடம் இருப்பது அதில் இறங்கிவிடும் என்றார்.

வெளியே போகும்போது ஒருவர் சொல்லிக்கொண்டு போனது ரங்கம்மா காதில் விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததால் அம்மாவுக்கு இருந்த சக்தி போய்விட்டதாம். ரங்கம்மா கோபமாக வந்து இதைச் சொன்னாள். மயிலாத்தாள் அதற்கும் சிரித்தார்.

கூட்டம் குறைந்தது. பழையபடி சிலர் வந்தார்கள், சிலர் கேட்டார்கள். பூனை மடிக்குத் திரும்பியது. துளசிமணி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று அவளுடைய தாய் போனில் சொன்னாள். மாத்திரை போடுகிறாளா என்று மயிலாத்தாள் கேட்டார். எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள் தாய்.

ஜீப்பைத் திருமூர்த்திதான் ஓட்டினார். நடுக்கம் போகவில்லை. சில நாள் குறைந்திருந்தது, சில நாள் கூடியிருந்தது. நடுங்கும் நாளில் மெதுவாக ஓட்டினார். ஆனால் அவர் அதிகம் பேசுவதை நிறுத்தியிருந்தார். தலையில் கையை வையுங்கள் என்று கேட்பதும் நின்றுவிட்டது. அம்மாவை வணங்கும்போதும் தள்ளி நின்றே கும்பிட்டார்.

மாசி மாதம் முதல் மழை பெய்த மறுநாள், இருவரும் காய்கறிக்காக ஊருக்குப் புறப்பட்டார்கள். திருமூர்த்தி சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"ஒண்ணு கேக்கணுங்கம்மா."

"கேளுங்கண்ணா."

"எனக்கு வந்தது வெறும் கம்பளத்து ஷாக்குதான். ஒத்துக்கறேன். என் கையால சன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்துட்டேன். ஆனா அன்னிக்கு மதியமே வண்டி எடுத்தேனுங்களே. போய்ட்டு வர்ற வரைக்கும் கை நடுங்கலையே. கம்பளத்துக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அப்ப அதைக் குடுத்தது யாருங்க?"

மயிலாத்தாளுக்கும் அது புதிதாக யோசிக்க வேண்டிய கேள்வியாகத்தான் இருந்தது.

"அன்னிக்குக் கம்பளத்து மேல நடந்து வந்தது யாருங்கண்ணா?"

"நான்தானுங்க."

"நான் நடந்தனுங்களா?"

"இல்லீங்க. நீங்க கல்லு மேல காலை வெச்சுச் சும்மா உக்காந்திருந்தீங்க."

"அப்ப அது உங்க கையில இருந்துதானுங்கண்ணா வந்திருக்கணும்" என்றார் மயிலாத்தாள். "நான் வாங்கிக்கிட்டேன், அவ்வளவுதான்."